ஒட்டுப்போட்ட பகா எண்கள்

10 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் பகாக் காரணிகள் 2, 5. இரண்டையும் பெருக்காமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 25. அதன் காரணிகள் 5, 5, ஒட்டினால் 55. அது 5 பெருக்கல் 11, ஆக 511. அது 7 பெருக்கல் 73, ஆக 773. இதற்கு மேல் நகர முடியாது, 773 பகா எண். 10 கிளம்பி நாலே எட்டில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பொழுதுபோக்குக் கணிதக்காரர்கள் இதை ‘வீட்டுப் பகா எண்’ என்றே சொல்கிறார்கள்.

9 இன்னும் சுலபம்: 33, 311, முடிந்தது. 8-ஐத் தொட்டால்தான் வம்பு. 2, 2, 2 ஒட்டி 222. அது 2, 3, 37, ஒட்டினால் 2337. அது 3, 19, 41, ஒட்டினால் 31941. அதுவரை பேனாவும் காகிதமும் போதும். அடுத்தது 33371313. அப்புறம் 311123771. பிறகு 7149317941. இப்படியே போய் 13-ஆவது படியில்தான் 3331113965338635107 என்ற 19 இலக்கப் பகா எண்ணில் நிற்கிறது. வெறும் 8-இல் ஆரம்பித்தது!

என் பிழைப்பு கணக்குத் தணிக்கை. கணிதம் படித்தது இளங்கலையோடு சரி. அலுவலகத்தில் எண்களை ஒட்டுவது குற்றம். எக்செலில் யாராவது கூட்டல் குறிக்குப் பதிலாக & போட்டுவிட்டால் 10-உம் 25-உம் சேர்ந்து 1025 ஆகிவிடும்; அந்த வரி மொத்தக் கூட்டலில் சேராமல் நழுவும், நாம் மாலை வரை வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்போம். பகலெல்லாம் அந்தத் தப்பைத் திருத்திவிட்டு, ராத்திரி வீட்டில் அதே தப்பை வேண்டுமென்றே செய்து பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பைத்தானில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். 100-க்குக் கீழே எல்லா எண்ணையும் வரிசையாகக் கொடுத்துப் பார்க்கலாம். மளமளவென்று விடை வரும், 49 வரும் வரைக்கும்.

49 என்பது 7, 7. ஒட்டினால் 77. பிறகு 711, 3379, 31109, 132393, 344131. சாதுவாகத்தான் கிளம்புகிறது. ஆனால் நூறு படிக்கு மேல் ஏறி, எண் 200 இலக்கத்தைத் தாண்டிய பிறகும் பகா எண் வரவில்லை. 77 அதே பாதையில் இருப்பதால் அதற்கும் அதே கதிதான். 100-க்குக் கீழே வீடு தெரியாத எண்கள் இந்த இரண்டும்தான்.

ஏன் நின்றுபோனது? அந்தப் பெரிய எண் பகா எண்ணா இல்லையா என்று கேட்டால் என் பழைய லேப்டாப்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். காரணி எதையும் தேடாமலே சொல்லும். பகா எண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டிய ஒரு விதியை ஃபிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அந்த விதியில் ஓர் எண் தவறினால் அது பகா எண் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நமக்கு நிறையவே தெரியும். ஓர் எண் பகா எண்ணா என்பதை எந்தச் சந்தேகமும் மிச்சம் வைக்காமல், நியாயமான நேரத்துக்குள் தீர்மானிக்க வழி உண்டு என்று 2002-இல் நிரூபித்தது நம் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும்தான்.

‘சரி, பகா எண் இல்லை. அப்படியானால் காரணிகளைக் கொடு’ என்று கேட்டால்தான் இயந்திரம் முழிக்கும். வங்கிப் பரிவர்த்தனை முதல் மின்னஞ்சல் வரை பல பூட்டுகள் இந்த முழிப்பை நம்பித்தான் ஓடுகின்றன. ஆர்எஸ்ஏ-250 என்று பெயரிட்ட 250 இலக்க எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள். கணினிச் செயலியின் ஒரே ஒரு உள்ளகத்திடம் (core) அந்த வேலையைக் கொடுத்திருந்தால் ஏறக்குறைய 2,700 வருடம் பிடித்திருக்கும். 49-இன் சங்கிலியோ ஒவ்வொரு படியிலும் ஒரு புது எண்ணைக் கொண்டுவந்து வைத்து ‘இதையும் உடை’ என்கிறது. உடைத்தால் அதைவிடப் பெரியதாக இன்னொன்று. பூட்டுக்காரர்கள் திட்டம் போட்டுச் செய்த கஷ்டத்தை இந்த விளையாட்டு தானாகவே உற்பத்தி செய்கிறது.

இந்த ஆட்டத்தின் இன்னொரு வடிவத்தைப் பிரபலமாக்கியவர் பிரின்ஸ்டனில் இருந்த கணிதக்காரர் ஜான் கான்வே. ஒரே காரணி திரும்பத் திரும்ப வந்தால் அத்தனை தடவை எழுதாமல், அடுக்கையும் ஒரு எண்ணாக ஒட்டிவிட வேண்டும். 60 என்பது 2-இன் வர்க்கம், 3, 5. ஆகவே 2235. அடுக்கு 1 என்றால் எழுத வேண்டாம். எந்த எண்ணில் கிளம்பினாலும் கடைசியில் ஒரு பகா எண்ணில் ஏறி நிற்கும் என்பது கான்வேயின் யூகம். நிரூபித்தாலும் சரி, தவறென்று காட்டினாலும் சரி, 1,000 டாலர் தருகிறேன் என்றார்.

2017-இல் ஜேம்ஸ் டேவிஸ் என்பவர் ஓர் எண்ணைக் காட்டினார்: 13532385396179. அதன் காரணிகள் 13, 53-இன் வர்க்கம், 3853, 96179. கான்வே விதிப்படி ஒட்டுங்கள்: 13, 53, 2, 3853, 96179. இடைவெளி இல்லாமல் படித்தால் 13532385396179. கிளம்பிய அதே எண்! பகா எண் இல்லை, ஆனால் தன்னிலேயே சுற்றிக்கொண்டு இருக்கிறது, ஒரு படிகூட ஏறாது. யூகம் காலி.

முதல்முறை பார்த்தபோது, யாரோ கோடிக்கணக்கான எண்களை இயந்திரத்தில் போட்டு அலசி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்துச் சரிபார்க்கும்போதுதான் உள்ளே இருக்கும் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கடைசிக் காரணியான 96179-ஐத் தனியாக வைத்துவிட்டு, மீதியைப் பெருக்குங்கள். 53-இன் வர்க்கம் 2809. அதை 13-ஆல் பெருக்கினால் 36517. அதை 3853-ஆல் பெருக்கினால் 140700001. அந்த விடையைப் பாருங்கள். நடுவில் நான்கு சைபர், கடைசியில் ஒரு 1. அதாவது 1407-ஐ லட்சத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. இப்போது இதை 96179-ஆல் பெருக்கினால் என்ன ஆகும்? 1407 தடவை 96179 என்பது ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளிப் போய் உட்காரும். கடைசியில் இருக்கும் அந்த 1, 96179-ஐ அப்படியே வால்பகுதியில் கொண்டுவந்து வைக்கும். வால் தயார். தலைப்பகுதிக்குத் தேவை 13, 53, 2, 3853 என்ற ஒட்டு, அதாவது 135323853. அதை 1407-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 96179.

ஆக, டேவிஸ் பெரிய எண்களைத் துழாவவே தேவையில்லை. பத்தின் அடுக்கு ஒன்றின் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களாகப் பார்த்து எடுத்து, அதன் காரணிகளை ஒட்டி, வகுத்துப் பார்த்து, ஈவு சரியான நீளமுள்ள பெரிய பகா எண்ணாக அமைகிறதா என்று பார்த்தால் போதும். பெருக்கலே ஒட்டு வேலையையும் செய்துவிடும்படி ஒரு கதவைக் கண்டுபிடித்து அதன் வழியாகப் போயிருக்கிறார். கான்வே 2020 ஏப்ரலில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். தன் யூகம் இவ்வளவு அழகாக உடைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் விதிப்படி 20 என்ன ஆகும் என்பது மட்டும் இன்னும் தெரியாது. 225, 3252, 223271, 297699 என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கதை முழுவதும் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். எண்களை ஒட்டுவது என்பது உண்மையில் ஒரு தள்ளலும் ஒரு கூட்டலும். 7-உடன் 73-ஐ ஒட்டுகிறோம் என்றால் 7-ஐ நூறால் பெருக்கி 73-ஐக் கூட்டுகிறோம். பகா எண் என்பதோ முழுக்க முழுக்கப் பெருக்கல் சமாச்சாரம். ஓர் எண்ணின் காரணிகளெல்லாம் கையில் இருந்தாலும், அதோடு ஒன்றே ஒன்றைக் கூட்டிவிட்டால் பழைய காரணிகளால் எந்தப் பிரயோசனமும் இல்லை. கூட்டல் வீட்டுக்கும் பெருக்கல் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் இரட்டைப் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா, 2-க்கு மேற்பட்ட இரட்டைப்படை எண்ணெல்லாம் இரண்டு பகா எண்களின் கூட்டலா என்ற கோல்ட்பாக் கேள்வி என்று எண்ணியலில் தீராமல் கிடக்கும் பெரிய கேள்விகள் பலவும் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுச்சந்தில்தான் கிடக்கின்றன. ஒட்டு விளையாட்டும் அதே சந்தில்தான் நடக்கிறது.

காரணியே தேடாத இன்னொரு ஆட்டம் உண்டு. 1, 12, 123, 1234 என்று எழுதிக்கொண்டே போங்கள்; 9-க்குப் பிறகு 12345678910, அப்புறம் 1234567891011. இதில் எப்போது முதல் பகா எண் வரும்? ஸ்மரந்தாசே எண்கள் என்று இதற்குப் பெயர். ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகளிடம் இதைக் காட்டினேன். காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமா, 11 வரைக்கும் ஒட்டினா மூணால வகுபடும்.”

“எப்படி? அவ்வளவு நீளமா எழுதிக் கூட்டினியா?”

“எதுக்கு எழுதணும்? 1லருந்து 11 வரைக்கும் கூட்டினா 66. இலக்கத்தைக் கூட்டினாலும் எண்ணையே கூட்டினாலும் மூணுக்கு ஒரே மீதிதானே வரும். அதுலயே பாதி கழிஞ்சுடும். இதுக்குப் போய் எதுக்கு மாமா கம்ப்யூட்டர்?”

பாதிக்கு மேலேயே கழிந்துவிடும். கடைசியாக ஒட்டும் எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் 3-ஆல் வகுபடும். இரட்டைப் படையும் 5-இல் முடிவதும் ஆகாது. ஆக முப்பது எண்களுக்கு நான்குதான் தேறும்: 1, 7, 13, 19, பிறகு 31, 37 என்று. 7-இல் நிறுத்தினால் 1234567, அது 127 பெருக்கல் 9721. 13-இல் நிறுத்தினால் 12345678910111213, அது 113, 125693, 869211457 என்று மூன்றாக உடைகிறது. இப்படியே தொடர்ந்து 3,00,000-ஐயும் தாண்டிக் கணினியில் தேடிவிட்டார்கள். ஒன்றுகூடப் பகா எண் இல்லை.

ஒன்றுமே இல்லை என்றதும், இதில் பகா எண் வரவே வராது, ஏதோ மறைந்த காரணம் இருக்கிறது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பெரிய எண்களில் பகா எண்கள் எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: ஆயிரம் இலக்க எண்களில் ஏறக்குறைய 2,300-க்கு ஒன்று பகா எண், பத்தாயிரம் இலக்கத்தில் 23,000-க்கு ஒன்று. நம் தொடரில் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த வாய்ப்பைப் போட்டு, மேலே சொன்ன நான்கு தேறியவர்களுக்கு உரிய சலுகையையும் சேர்த்துக் கூட்டினால், மூன்று லட்சம் வரை எதிர்பார்க்க வேண்டிய பகா எண்களின் எண்ணிக்கை சுமாராக ஒன்றுதான். ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் பூஜ்யம் வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வாய்ப்பு உண்டு. துரதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்ல முடியாது.

கொடுமை இனிமேல்தான். பத்து லட்சத்திலிருந்து கோடி வரை தேடினால் கூடுதலாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அதே கணக்குப்படி 0.08. கடைசியில் இருக்கும் எண்களுக்கு ஏறக்குறைய ஏழு கோடி இலக்கம். அவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு நம்பிக்கை. ஆனாலும் இந்தத் தொகை எங்கும் நிற்காது. ஆமையை விட மெதுவாக, ஆனால் எல்லை இல்லாமல் கூடிக்கொண்டே போகும். அதனால் இந்தத் தொடரில் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்றுதான் கணக்கு சொல்கிறது. நிரூபணம் யாரிடமும் இல்லை, ஒரே ஓர் உதாரணம்கூட இல்லை!

இந்தத் தோராயக் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு அதே தொடரைத் திருப்பிப் போட்டுக் காட்டலாம். 21, 321, 4321 என்று பெரியதிலிருந்து சிறியதற்கு எழுதுங்கள். இதில் எல்லாமே 1-இல் முடிவதால் 2-உம் 5-உம் தொல்லை தராது. 3 மட்டும்தான் வடிகட்டும். ஆக வாய்ப்பு இரண்டரை மடங்கு. 4321 என்பது 29 பெருக்கல் 149. 7654321 என்பது 19 பெருக்கல் 402859. 82-இல் தொடங்கி 828180... என்று இறங்கி 321-இல் முடியும் 155 இலக்க எண் பகா எண்! அடுத்தது 37765-இல் தொடங்குவது, 1,77,719 இலக்கம். 2010-இல் கண்டுபிடித்தது. அவ்வளவு நீளத்துக்கு முழு நிரூபணம் போடுவது கஷ்டம் என்பதால் சோதனைகளில் தேறியதை வைத்து ‘அநேகமாகப் பகா எண்’ என்ற வகையில் வைத்தார்கள். 37765 வரைக்கும் என் கணக்கு எதிர்பார்த்தது இரண்டரை. கிடைத்தது இரண்டு. போதும், எனக்குத் திருப்தி.

1, 2, 3 என்று ஒட்டும் இந்தத் தொடருக்கு முன்னால் ஒரு புள்ளியை வைத்தால் 0.1234567891011... என்ற முடிவில்லாத் தசமம் கிடைக்கும். 1933-இல் டேவிட் சாம்பர்நோன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர், இந்தத் தசமத்தில் பத்து இலக்கங்களும் சமமாக வருகின்றன, இரண்டிலக்கக் கூட்டு, மூன்றிலக்கக் கூட்டு எதை எடுத்தாலும் அப்படித்தான் என்று நிரூபித்தார். பிற்பாடு பொருளாதாரப் பக்கம் போய்விட்டார். நடுவில் ஆலன் டூரிங்கோடு சேர்ந்து சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றையும் காகிதத்தில் எழுதினார். பகா எண்களை மட்டும் ஒட்டினால் வரும் 0.2357111317... என்பதற்கும் இதே குணம் உண்டு என்று 1946-இல் காட்டியவர்கள் கோப்லாண்டும் எர்டிஷும். அந்தத் தசமத்தின் தலைப்பகுதிகளில் 2, 23, 2357 மூன்றும் பகா எண்கள். 235711 ஆகாது, 7, 151, 223 என்று உடைந்துவிடும். அடுத்த பகா எண் கிடைக்க 719 வரை ஒட்ட வேண்டும், 355 இலக்கம். அப்புறம் 1033 வரை, 499 இலக்கம். முதல் தொடரைவிட இது எவ்வளவோ தாராளம்.

ஆனால் சாம்பர்நோன் வரிசையில் ஒரு குறும்பு இருக்கிறது. முழு எண் முடிகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டு, 10-ஐ நடுவில் அறுத்து 1-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1234567891. பகா எண். லட்சக்கணக்கில் தேடியவர்கள் இதற்கு ஒரே ஓர் இலக்கம் தள்ளி நடந்து போயிருக்கிறார்கள்.

இதெல்லாம் கணிதமே இல்லை என்று சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார், சாதாரண ஆளில்லை. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி. 8712 என்பது 2178-இன் நான்கு மடங்கு, 9801 என்பது 1089-இன் ஒன்பது மடங்கு. நான்கிலக்க எண்களில், தன்னைத் திருப்பிப் போட்டால் வரும் எண்ணுக்கு இப்படி மடங்காக அமைபவை இவை இரண்டுதான். 1940-இல் எழுதும்போது ஹார்டி இதை உதாரணமாகக் காட்டி, புதிர்ப் பத்திக்கு நல்ல தீனி, கணிதக்காரனை ஈர்க்க இதில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார். பத்து விரல் இருப்பதால் பத்தில் எழுதுகிறோம், எழுத்துமுறை மாறினால் அதிசயமும் போய்விடும் என்பது இந்த மாதிரி வாதத்தின் சாரம்.

பாதி நியாயம்தான். பழைய தமிழ் எண் முறையில் 23-ஐ ௨௰௩ என்று எழுதினார்கள், நடுவே பத்துக்கு ஒரு குறி. ௨-ஐயும் ௩-ஐயும் பக்கத்தில் வைத்துவிட்டால் இருபத்துமூன்று ஆகிவிடாது. அந்த முறையில் கணக்கெழுதியவர்களிடம் போய் ஒட்டுப் பகா எண் பற்றிப் பேசியிருந்தால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். இட மதிப்பு இருந்தால்தான் இந்த ஆட்டமே.

மீதிப் பாதியில் நான் ஹார்டியோடு ஒத்துப்போகவில்லை. எழுத்துமுறையை மாற்றினால் விடை மாறும். கேள்வி அப்படியே இருக்கிறது. 1, 2, 3 என்று அதே தொடரை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதும் முறையில் ஒட்டிப் பாருங்கள்: 1, 10, 11, 100... மூன்று வரை ஒட்டினால் 11011, நம் கணக்கில் 27. ஐந்து வரை 1765. பதினைந்து வரை ஒட்டினால் 49 பிட் நீளம், நம் எழுத்தில் 485398038695407. பகா எண்! பத்தடிமானத்தில் மூன்று லட்சம் தாண்டியும் கிடைக்காதது இங்கே பதினைந்திலேயே கிடைத்துவிட்டது. எந்த அடிமானத்தை எடுத்தாலும் அந்த ஆமைக் கூட்டல்தான், பகா எண்கள் முடிவில்லாமல் வரும் என்ற அதே எதிர்பார்ப்புதான், நிரூபிக்க வழியில்லாத அதே சந்துதான். அதை விரல்களின் தலையில் கட்ட முடியாது.

அக்கா மகளுக்கு இப்போது வேறொரு ஆட்டம் கொடுத்திருக்கிறேன். 3, 7, 109, 673 என்ற நான்கு பகா எண்கள். இதில் எந்த இரண்டை எடுத்து, எந்த வரிசையில் ஒட்டினாலும் பகா எண்தான்: 37, 73, 3109, 1093, 3673, 6733, 7109, 1097, 7673, 6737, 109673, 673109. இப்படி ஐந்து எண் கொண்ட கூட்டம் ஒன்றைக் கண்டுபிடி என்றேன். சும்மா தேடாமல் முதலில் யோசித்திருக்கிறாள். 3-ஐத் தவிர மற்ற மூன்றும் 3-ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன. மீதி 1-ஐயும் மீதி 2-ஐயும் ஒட்டினால் மூன்றின் மடங்காகிவிடும், ஆகவே ஒரே ஜாதி மீதிதான் சேர முடியும் என்று வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கூடவே, கம்ப்யூட்டர் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லி ஒரு கோரிக்கையும்.